லீலாவதி திரும்பி வராத வாரம்

அந்த வாரப் பத்திரிகையைப் பிரித்தால் முதலில் கரிப்புகைதான் மணக்கும். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்புறம் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமி இருமி ஓடிய 'கரி பஸ்'ஸில், கடைக்குச் சரக்கெடுக்கத் தருமபுரிக்குப் போகும் அப்பா சனிக்கிழமைதோறும் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு காரிமங்கலத்துக்கு வந்து சேருவார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்.

"பொஸ்தகம் வந்துதுங்களா மாமா?"

அம்மாவின் தங்கை பாக்கியம், என் சின்னம்மா. கல்யாணமான இரண்டாம் வருடமே கணவரைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருந்தாள். அப்பாவிடம் அவள் வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் அந்தப் பத்திரிகைதான். அவளுக்குப் படிக்கத் தெரியாது; ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த நான் படிப்பேன்.

அதில் ஒரு தொடர்கதை. செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு கப்பல் போகிறது. அதில் மூன்று ஆண்களும் லீலாவதி என்ற பெண் டாக்டரும். ஞாயிறு மதியம் கொல்லைப்புறத்தில் சின்னம்மா ராகி அரைக்க, திருகைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி நான் வாசிப்பேன். ஆபத்து நெருங்கும்போது திருகை தானாக நின்றுவிடும். "கதை கேட்டா களி வெந்துடுமா?" என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள். சின்னம்மா கையை ஓட்டியபடியே, "அந்தப் பொம்பளைய யாரும் எதுக்கும் தடுக்கறதில்ல, பாத்தியா கண்ணு?" என்பாள்.

செவ்வாயில் இறங்கிய பிறகு அங்கிருந்த ஜனங்களுக்கு ஒரு நோய் வந்தது. லீலாவதி அவர்களுக்கு மருந்து கொடுக்க மலைக்கு அப்பால் போனாள். அந்தச் சமயத்தில்தான் காகிதப் பஞ்சம் வந்து பத்திரிகை இளைக்கத் தொடங்கியது. அத்தியாயங்கள் இரண்டு பக்கமாயின, பிறகு ஒன்றாயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்துக்கொண்டே போக, கப்பல் புறப்பட்டது, பூமியில் இறங்கியது, மாலை போட்டார்கள், பாண்டு வாசித்தார்கள். கீழே 'முற்றும்' என்று இருந்தது.

"லீலாவதி?" என்றாள் சின்னம்மா.

நான் மறுபடி படித்தேன். அவள் பெயர் எங்கேயும் இல்லை. கப்பலில் ஏறியதாகவும் இல்லை, செத்ததாகவும் இல்லை. பின்பக்கத்தைத் திருப்பினால் தைல விளம்பரம்தான் இருந்தது.

"வுட்டுட்டு வந்துட்டாங்களா?" என்று கேட்டவள், பாதி அரைத்த மாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை என்ற ஒன்று இனி எதற்கு என்று தோன்றியது.

அப்பா சிரித்தார். "கதைதானேம்மா பாக்கியம்."

"கதைதானுங்க மாமா. ஆனா அவ அங்கியேதானுங்களே இருக்கா."

அப்பா சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். ஒரு கார்டு வாங்கி, பத்திரிகைக்காரர்களுக்கு மரியாதையாகவே எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. நானாக ஒரு முடிவு கட்டி, லீலாவதி தனியாக ஒரு கப்பல் செய்து வந்துவிட்டாள் என்று சொல்லிப் பார்த்தேன். சின்னம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது நல்லாத்தான் இருக்குது. ஆனா அது நீ சொல்றது கண்ணு" என்றாள். அடுத்து ஒரு ராஜா கதை தொடங்கியது. நாலு வரி கேட்டுவிட்டுக் கொள்ளு புடைக்கப் போய்விட்டாள். சில மாதங்களில் அந்தப் பத்திரிகையே நின்றுபோனது.

அந்த ஆடியில் அரூர்ப் பக்கத்திலிருந்து அவளுடைய கணவரின் அண்ணன் வந்தார். மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டாராம், பார்த்துக்கொள்ள ஆளில்லையாம். "எங்க வூட்டு மருமவதானுங்களே" என்றார். அம்மா அழுதாள். அப்பா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகிறாயா என்று சின்னம்மாவை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. இரண்டு புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். நான் பஸ்ஸுக்குப் பின்னால் சாவடி வரைக்கும் ஓடினேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருமுறை அரூருக்குப் போய் அவளைப் பார்த்தேன். மாமியார் போய்ச் சேர்ந்து வெகுநாளாகியும் அவள் அங்கேயேதான் இருந்தாள், முன்பல் விழுந்திருந்தது. சாப்பிடும்போது, "லீலாவதி ஞாபகம் இருக்கா சின்னம்மா?" என்று கேட்டேன். மோர் ஊற்றிக்கொண்டிருந்த கை சற்று நின்றது.

"யாரு கண்ணு, உன்கூடப் படிச்ச புள்ளையா?" என்றாள்.

மறந்துதான் போனாளா, அந்தப் பேச்சே வேண்டாமென்று நினைத்தாளா, அவள் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கத் துணிச்சலும் வரவில்லை.

இப்போது அந்தப் பத்திரிகையைக் கேள்விப்பட்டவர்கள்கூட இல்லை. எழுதியவர் யார், கதைக்கு மேலே போட்டிருந்தது அவர் சொந்தப் பெயர்தானா என்றும் தெரியாது. பழைய புத்தகக் கடைகளில் விசாரித்து அலுத்துவிட்டேன். பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்வதுண்டு. மலைக்கு அப்பால் போன இடத்தில் நிறுத்தினால் விடமாட்டார்கள், அப்புறம் என்ன ஆச்சு என்பார்கள். தெரியாது என்கிறேன். நான் மறந்துவிட்டதாக அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.