ஆடிய கைப்பிடி

கோபே நகரில், லிஃப்ட் இல்லாத எங்கள் நான்கு மாடிக் குடியிருப்பைப் பராமரிப்பவர் ஹிராயே. எதை முதலில் பழுதுபார்ப்பது என்பதற்கு அவரிடம் ஒரே அளவுகோல்தான்: யார் அதிகம் கத்துகிறாரோ, அவர் வேலை முதலில்.

இரண்டாம் மாடி நககோமே நன்றாகக் கத்துவார். "வாசல் விளக்கு கண்ணடிக்குது சார், வர்றவங்க பேய் வீடுன்னு ஓடிடுவாங்க!" விளக்கு மாறியது. தபால்பெட்டிக்குப் புதுச் சாயம் கேட்டார், அதுவும் கிடைத்தது.

நான்காம் மாடியில் தனியாக இருக்கும் இசோகாய் அம்மா, படிக்கட்டுக் கைப்பிடி ஆடுவதை ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் மன்னிப்புக் கேட்டபடி. "அவசரமே இல்ல சார். உங்களுக்கு ஆயிரம் வேலை. நேரம் கிடைக்கும்போது பாருங்க."

எங்கள் ஊரில் ஒருவர் இப்படிச் சொன்னால் தலைபோகிற காரியம் என்று பொருள். இங்கேயே பிறந்து வளர்ந்த ஹிராயேவுக்கு அது தெரியாதா? நன்றாகவே தெரியும். கத்தாதவர் காத்திருப்பார் என்பதும் தெரியும்.

போன வாரம் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அம்மா உருண்டு விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போவதற்காக ஹிராயே இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கிவந்து, மேசையில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வதென்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போது அலுவலகக் கதவு திறந்தது. ஒரு கையில் மாவுக்கட்டு, மறுகையில் இனிப்புப் பெட்டியுடன் இசோகாய் அம்மா நின்றார்.

"என்னை மன்னிச்சுடுங்க சார். கைப்பிடியை உடைச்சு உங்களுக்கு வேலை வெச்சுட்டேன்."

இந்த அம்மா தன்னைப் பார்த்து ஒரே ஒரு முறை கத்தமாட்டாரா என்று ஹிராயேவுக்கு இருந்தது.