நாற்காலிக்கு வந்த கலீபா

மலாயாவில், மூவார் ஆற்றங்கரைச் சாலையில் எங்கள் துணிக்கடை கீழே, வீடு மாடியில். வாப்பா காய்ச்சலில் மௌத்தான பிறகு, கடையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அவருடைய தம்பி கப்பலேறி வந்தார். பெட்டியை இறக்கிவைத்த நிமிடமே எனக்கு அந்தச் சாச்சாவைப் பிடிக்கவில்லை. வாப்பாவின் அதே மூக்கு. இடத்தைப் பிடிக்க வந்தவர் மூக்கையும் கொண்டுவந்திருக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது.

துருக்கியில் கலீபாவைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று பள்ளிவாசலில் பெரியவர்கள் குமுறிக்கொண்டிருந்த காலம் அது. ஓதுபள்ளியில் ஓதிக்கொடுக்கும் லெப்பை எங்களுக்கு அந்தப் பட்டத்தின் பொருளைச் சொன்னார்.

"கலீபான்னா ராசா இல்ல புள்ள. ஒருத்தர் போன பொறவு அவர் எடத்துல நின்னு பாத்துக்கிறவர்."

நபிகளாருக்குப் பின் வந்த முதல் கலீபா, நபி நின்று பேசிய மேடைப்படியில் ஏறாமல் ஒரு படி கீழேயே நின்றாராம்.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். சாச்சா வாப்பாவின் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். கைலி வாங்க வந்த மலாய்க்காரர் ஒருவர் அவரை வேலையாள் என்று நினைத்து, முதலாளி எங்கே என்று கேட்டார். அப்போதும் சாச்சா இடம் மாறவில்லை. எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. இவரும் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறார், ஊரை நம்பவைக்க நடிக்கிறார். புலி பதுங்குவது பாய்வதற்குத்தானே.

"முதுகு வலிக்கலியா சாச்சா? நாக்காலியில ஒக்காரலாமே," என்று ஒருநாள் ஆழம் பார்த்தேன்.

"அது அண்ணனோடதும்மா," என்றார், துணியை மடித்தபடியே.

கைதேர்ந்த ஆள் என்று முடிவுகட்டினேன்.

புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கவேண்டிய இத்தா காலம் முழுவதும் மாடியிலேயே இருந்த உம்மா, அது முடிந்ததும் முதன்முதலாகக் கடைக்கு இறங்கி வந்தாள். இன்றைக்கு இவர் குட்டு உடையும் என்று நானும் பின்னாலேயே போனேன். சாச்சா எழுந்து நின்றார். உம்மா அவரைப் பார்க்கவில்லை. தூசி படிந்த நாற்காலியையே பார்த்தாள். பிறகு துப்பட்டியின் நுனியால் அதைத் துடைத்தாள்.

"இதுல ஒக்காருங்க தம்பி. இது சும்மா கெடக்குறது எனக்குத் தாங்கல."

சாச்சா வெகுநேரம் தயங்கி, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். உம்மா சத்தமில்லாமல் அழுதாள். கடைசியில் உம்மாவையும் ஏமாற்றிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

அன்று நான் சோற்றைத் தொடவில்லை. உம்மாவோ, வாப்பா போன பிறகு முதல்தடவையாக, மறுசோறு போட்டுச் சாப்பிட்டாள். புருஷன் இடம் பறிபோன நாளில் ஒருத்திக்கு எப்படிப் பசிக்கும் என்று எனக்கு விளங்கவே இல்லை.