வெட்டுப்பட்ட வேர்

காற்றில் சாய்ந்த எங்கள் கொல்லை வேம்பை அறுக்க ராசிபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். புருவமெல்லாம் மரத்தூள், இரண்டு காதிலும் பஞ்சு. வந்ததும் மெஷினை எடுக்கவில்லை. வேர்ப்பக்கம் குந்தி, மண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எந்த மரமானாலும் முதலில் அப்படித்தானாம்.

சுவரோரப் பெரிய வேர் கோடரியால் துண்டிக்கப்பட்டிருந்தது. போன வருடம் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியபோது, மனைவி ஊரில் இல்லாத நாளில், நான் வெட்டச் சொன்னது. இறந்துபோன எங்கள் மகன் பிறந்தபோது அவள் நட்ட மரம் அது.

"காத்து மட்டும் தள்ளலீங்க," என்றார் தணிந்த குரலில். 

"ஊட்டுல அவீங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாதென்று தலையசைத்தேன்.

அந்த வேரைத்தான் முதலில் அறுத்தார். துண்டைத் தான் கொண்டுவந்த டிராக்டரில் போட்டு, மேலே தழையை அள்ளி மூடினார். அப்புறம்தான் மனைவி வெளியே வந்து அவரிடம் கேட்டாள்.

"ஏனுங்க, நல்லாருந்த மரம் எப்படீங்க உழுந்துச்சு?"

"பேய்க்காத்துங்க சாமி, எந்த மரந்தான் நிக்கும்?" என்றவர், என் பக்கம் திரும்பவே இல்லை.

மறைக்கச் சொல்லி நான் அவரைக் கேட்கவில்லை. மனைவி இன்றும் அந்தக் காற்றைத்தான் திட்டுகிறாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.