மார்செலின் ஆட்களைத் தேடிப் போன ஞாயிறு

1987 ஆனி மாதம். பேர்ணில் ஒரு உணவகச் சமையலறையில் நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மரக்கறி வெட்டியவன் மார்செல், பிரெஞ்சு பேசும் கனடாக்காரன். அவனுடைய முன்னோர் ஒருவர் பல தலைமுறைக்கு முன் சுவிசின் ஒரு கிராமத்திலிருந்து படையாளாகக் கனடா போனவராம். அந்த ஊரில் தங்கள் ஆட்களில் ஒருவரையாவது கண்டு, கூட நின்று படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார் தகப்பன். மனிதருக்கு நெஞ்சு வருத்தம், தானே பயணம் செய்ய ஏலாது. வியாழன் மார்செலுக்கு விமானம். மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

கமரா என்னிடம் இருந்தது, பிரெஞ்சு இல்லை; சமையலறையில் மார்செலும் நானும் நாலு ஜெர்மன் சொல்லில் சமாளித்தோம். அது மனைவி ராணியிடம் இருந்தது. லோசானில் மருத்துவமனைச் சலவையில் இரண்டு வருடம் நின்று பிடித்த பிரெஞ்சு. அவளும் கூட வந்தாள்.

பேர்ணிலிருந்து பிறிபூர்க் ரயிலில் அரை மணிக்கும் குறைவு. அங்கிருந்து புல் என்ற சிறு நகரம், பிறகு அந்த ஊருக்கு மஞ்சள் தபால் பஸ். ஞாயிற்றுக்கிழமையில் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை முதலே பார்த்துவிடுங்கள்.

முன்பின் தெரியாதவர்களிடம் கேட்க மார்செலுக்குக் கூச்சம், அதனால் இறங்கியதும் தலைமைப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். தேவாலயத்திலிருந்து வந்தவர்களை மறித்து, "லாஃப்ளூர்? லாஃப்ளூர்?" என்று கேட்டேன். மார்செலின் குடும்பப் பெயர் அதுதானே. எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் பூக்கடை இருக்கும் திசையைக் காட்டினார்; லாஃப்ளூர் என்றால் பிரெஞ்சில் பூவாம்.

ராணி மார்செலோடு கதைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏனப்பா, லாஃப்ளூர் பட்டாளத்திலை வைச்ச பட்டப்பேராம். அந்தக் காலத்திலை ஒவ்வொரு படையாளுக்கும் ஒண்டு வைப்பாங்களாம். கனடாவிலை பிள்ளையள் அதையே குடும்பப் பேராக்கிப்போட்டினம். இஞ்சத்தைப் பேர் மொரே."

"இதை ரயிலிலையே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் வாய் மூடினால்தானே எண்டு கேக்கிறான்."

சரி, மொரேயைத் தேடிச் சேமக்காலைக்குப் போனோம். அதுவும் என் யோசனைதான். பழைய கல்லறை ஒன்றுகூட இல்லை. இங்கே இருபது, இருபத்தைந்து வருடத்தில் கல்லை எடுத்து இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். பிறகு வீட்டு வாசல்களில் தபால் பெட்டிப் பெயர்களை வாசித்துக்கொண்டு நடந்தோம். மொரே இல்லை. மார்செல் பஸ் நேரத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

"கொஞ்சம் நில்லுங்கோ," என்றாள் ராணி. "மனுசன்ரை பேருக்குப் பின்னாலை கோடு போட்டு, மனுசியின்ரை தேப்பன் வீட்டுப் பேரையும் போட்டிருக்கினம். நீங்கள் முன்னாலை கிடக்கிறதை மட்டும் வாசிச்சுக்கொண்டு போறியள்."

திரும்பி நடந்தோம். நான் இரண்டு தரம் கடந்துபோன வீட்டுப் பெட்டியில், கோட்டுக்குப் பின்னால் இருந்தது மொரே.

அந்த வீட்டு முற்றத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க, மொரே வீட்டில் பிறந்த லூயிஸ் அம்மா கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். ராணி விஷயத்தைச் சொன்னாள். அம்மா கையைத் துடைத்துவிட்டு, மார்செலை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார். மார்செலுக்குக் கண் கலங்கிச் சிரிப்பும் வந்தது.

"என்னவாம்?" என்றேன்.

"இந்த ஊர் மொரே எல்லாம் ஒரே வீட்டு ஆக்களாம். கனடா போன பொடியன் இப்பதான் வந்திருக்கிறான், சாப்பிட்டானோ எண்டு கேக்கிறா."

கட்டிப் பாலாடையும் முட்டை வெள்ளையில் சுட்ட இனிப்பும் வந்தன. அந்தப் பக்கம் போனால் விடாதீர்கள். எனக்கு மூன்றாவது தட்டு வந்தபோது ராணி முறைத்தாள்.

படத்துக்கு லூயிஸ் அம்மாவும் மார்செலும் நின்றார்கள். அம்மா ராணியையும் இழுத்து நடுவில் நிறுத்தினார். கமராவை அழுத்தியது நான்.

இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு: பட்டப் பெயரை விட்டு, பழைய பெயரைக் கேட்டறியுங்கள். சேமக்காலையில் நேரத்தை வீணாக்காதீர்கள். கோட்டுக்குப் பின்னால் இருப்பதை வாசியுங்கள். ஆண்கள் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பாதிக் குடும்பம் தப்பிவிடும். முடிந்தால் ராணியைப் போல ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

படம் கனடா போய்ச் சேர்ந்ததும் மார்செல் தொலைபேசி எடுத்தான். தகப்பன் அதைச் சுவரில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம். "நடுவில் நிற்கிற பெண் யார்?" என்று கேட்டால், "அவளும் எங்கள் வீட்டுப் பெண்தான்" என்கிறாராம்.

ராணி சிரித்துச் சிரித்து என்னிடம் கேட்டாள்: "எனக்குக் கனடாவிலை ஒரு வீடு கிடக்கு. உங்களுக்கு?"