நேற்று இல்லாத கடை

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடை. அதன் மாடியில் எங்கள் ஆபீஸ். பூச்சி மருந்து வாடை எந்நேரமும் படியேறி வரும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எங்களுக்குப் பழகிவிட்டது. சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் திருச்சி ஆபீஸில் இருந்தார்கள். அவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது மாடியில் இருந்த எங்கள் வேலை.

சேர்ந்த புதிதில் என் வேலை தற்காலிகம்தான். ஆறு மாதம் கழித்து எங்கள் மேடம் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் அந்தக் கையெழுத்துக்காக நான் ஒருவன் மட்டும் காத்திருக்கவில்லை. அப்பா அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் வேலை பார்த்தார். வாரம் முழுக்க அங்கேயே தங்குவார். போன் பண்ணினால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "நிரந்தரமாச்சா?" என்றுதான் கேட்பார்.

ஒரு நாள், "அப்படி என்னதான்டா பாக்கற அங்க?" என்று கேட்டார். டெஸ்ட் கேஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். சாஃப்ட்வேரைத் தொடுவதற்கு முன்பே, இந்தப் பட்டனை அழுத்தினால் இது நடக்க வேண்டும், இதைத் தப்பாகப் போட்டால் அது தடுக்க வேண்டும் என்று ஒருவர் வரிசையாக எழுதுவார். இன்னொருவர் படித்து, இது போதும், இதை வைத்துச் சோதிக்கலாம் என்று ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகுதான் சோதனையே தொடங்கும்.

"லாரி கௌம்புறதுக்கு முன்னாடி டயர தட்டிப் பாக்கறாப்ல."

"அதுக்கும் முன்னாடிப்பா. எந்தெந்த டயர தட்டணும்னு எழுதி, அது சரிதானான்னு பாக்கறது."

"அதுக்கு ஒரு ஆளா? சரி. வழியில வெடிச்சா உன்னையத்தான் கேப்பாங்க, பாத்துக்க."

மாடியில் யாரும் அப்படிக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. டெஸ்ட் கேஸ் எழுதியவன் டீ வாங்கித் தருவான். படிக்கிறவன் முதல் கட்டத்தில் 'ஓகே' என்று அடித்து, மவுஸைப் பிடித்துக் கீழே வரைக்கும் ஒரே இழுப்பாக இழுப்பான். எல்லாக் கட்டமும் ஓகே ஆகிவிடும். டீயும் ஆறியிருக்காது.

ஆறாவது மாதம் மேடம் என்னைக் கூப்பிட்டார். "சிறுவாச்சூர் கோயில் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் குடுக்கறோம்ல, அதோட டெஸ்ட் கேஸ நீ ரிவ்யூ பண்ணு. அப்ரூவ்ட் பைங்கற இடத்துல உன் பேர்தான் வரும். இத எப்படிப் பண்றேன்னு பாத்துட்டுத்தான் உன் கன்ஃபர்மேஷன்ல கையெழுத்து."

கேஸ்களை எழுதியவன் என் நண்பன். அரியலூர்க்காரன். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவன். இந்த ஆபீஸில் ஆள் தேவை என்று எனக்குச் சொன்னதே அவன்தான். அன்றைக்கு டீயோடு வடையும் வாங்கி வந்தான்.

"இழுத்து வுடு மாப்ள. நாளைக்கு டெஸ்டிங் ஆரம்பிச்சிரலாம்."

"படிச்சிட்டு இழுக்கறேன்."

"படிச்சிட்டா? நீ என்ன பேப்பர் திருத்துற வாத்தியாரா?"

நன்றாகத்தான் எழுதியிருந்தான். பில் போடுவது, போட்ட பில்லை ரத்து செய்வது, கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்பது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. எனக்கே அப்படி எழுத வருமா என்று பொறாமையாக இருந்தது. ஆனால் படிக்கப் படிக்க ஏதோ இடித்தது. ஒவ்வொரு கேஸும் ஒரே வாக்கியத்தில் ஆரம்பித்தது: 'நேற்றைய கணக்கு முடிக்கப்பட்டிருக்க வேண்டும்.'

சிறுவாச்சூர் கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். திருவிழாவுக்கும் சில விசேஷங்களுக்கும் கூடுதலாகத் திறப்பார்கள். மற்ற நாட்களில் சன்னிதித் தெருக் கடைகளுக்கு வேலையில்லை, தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிடுவார்கள். அம்மா அங்கே எலுமிச்சம்பழமும் மாலையும் விற்கிறது. எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டே பெயர்தான், கோயில் நாள், காட்டு நாள். காட்டு நாளில் அம்மா சின்ன வெங்காயத்துக்குக் களையெடுக்கப் போய்விடும்.

அந்தத் தெருவில் திங்கட்கிழமை கடை திறக்கிற எவருக்கும் நேற்று என்று ஒன்று கிடையாது. இந்த சாஃப்ட்வேரோ நேற்று இல்லாமல் கண்ணையே திறக்காது.

நண்பனிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம லீவுக்கு கேஸ் இருக்கு பாரு மாப்ள. வார விடுமுறைன்னு."

"ஒரு நாள்தான் போட முடியும். அங்க அஞ்சு நாளு லீவு."

"அஞ்சு நாளு லீவு வுடுறவங்களுக்கு எதுக்குடா சாஃப்ட்வேரு?"

"அந்த ரெண்டு நாளு கூட்டத்த நீ பாத்ததில்ல."

"சரி, நீ சாஃப்ட்வேர ரிவ்யூ பண்றியா, உங்கம்மா எலுமிச்சம்பழக் கூடைய ரிவ்யூ பண்றியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் வடைப் பொட்டலத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். நான் மவுஸைத் தொடவில்லை. ஓகே வர வேண்டிய கட்டத்தில், 'ஒப்புதல் இல்லை' என்று அடித்துக் காரணத்தையும் எழுதி மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். எங்கள் மாடியில் அதுவரை யாரும் அந்த வார்த்தையை அடித்ததில்லை.

மறுநாள் காலை மேடம் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இன்னைக்கு டெஸ்டிங் ஆரம்பிக்கணும். ஆரம்பிக்கலன்னா திருச்சிக்கு நான் பதில் சொல்லணும். உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் இந்த டிராயர்லதான் இருக்கு, தெரியும்ல?"

"தெரியுங்க மேடம்."

"தெரிஞ்சுமா அப்ரூவ் பண்ணல?"

 எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. ஓகே போட்டால் டிராயரில் இருக்கிற பேப்பர் இன்றைக்கே வெளியே வந்துவிடும். திங்கட்கிழமை அந்தத் தெருவில் ஒரு கடையும் பில் போடாது. எதிர் வரிசையில் அம்மா உட்கார்ந்திருக்கும். நிரந்தரமாகி என்ன செய்ய?

சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். வெள்ளிக்கிழமைத் தாளைக் காட்டினேன். "இந்த நாளு கடை உண்டு மேடம்." அடுத்த இரண்டு தாளையும் சேர்த்துக் கிளிப் போட்டேன். "இது ரெண்டும் அந்தத் தெருவுல கெடையாது." திங்கள் வந்தது. "இப்ப கடை தொறக்கறாங்க. நேத்தைய கணக்க முடிச்சியான்னு கேக்குது. எந்த நேத்த முடிப்பாங்க?"

மேடம் யோசித்தார். "லீவ அஞ்சு நாளா வச்சுக்கிட்டா?"

"விசேஷத்துக்குப் புதன்கிழமைகூட நடை தொறப்பாங்க மேடம். அன்னிக்கு லீவுன்னு சொல்லி பில் போட வுடாது."

"இல்ல மேடம், அப்படி ஒண்ணும் மாட்டிக்காது," என்று நண்பன் குறுக்கே வந்தான். "ஞாயித்துக்கெழமைய க்ளோஸ் பண்ணிட்டு உள்ள போயிரலாம்." தன் கேஸ்களை வேகமாகக் கீழே தள்ளிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான்.

"என்னப்பா?"

"பில்லு போடாத நாள க்ளோஸ் பண்ண வுடக்கூடாதுன்னு இங்க எழுதியிருக்கேன் மேடம்." இன்னும் கொஞ்சம் மேலே போனான். "நேத்து க்ளோஸ் ஆவலன்னா இன்னிக்கு ஓப்பன் ஆவக்கூடாதுன்னு இங்க எழுதியிருக்கேன்."

இரண்டும் தனித்தனியாகச் சரி. இரண்டும் சேர்ந்தால் அந்தத் தெருவுக்கே பூட்டு. அவன் என்னைப் பார்த்தான். "நானே உள்ள வச்சுப் பூட்டியிருக்கேன்டா."

மேடம் காலண்டரிலிருந்து கிளிப்பை எடுத்தார். "எழுதுங்க ரெண்டு பேரும். திருச்சிக்கு நான் பேசிக்கறேன்."

சாயங்காலத்துக்குள் எழுதி முடித்தோம். நேற்று என்றால் காலண்டரில் முந்தின நாள் இல்லை, கடைசியாகக் கடை திறந்த நாள் என்ற ஒரு வரிதான் அதற்கெல்லாம் ஆணிவேர். மிச்சக் கேஸ்கள் அதிலிருந்து தானாக வந்தன. வெள்ளிக்கு அப்புறம் திங்கள், விசேஷத்துக்கு நடுவில் திறக்கிற புதன், உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் மூடிவிட்டுத் திறக்கிற கடை. அந்தக் கடைசிக் கேஸைச் சொன்னது நண்பன்.

மேடம் திருச்சி ஆபீஸுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் திருச்சிக்காரர் சலித்துக்கொண்டார். "அந்த மாதிரி கடை எங்கங்க இருக்கு?"

"ஹைவேல இருக்குங்க சார்," என்றேன். "நீங்க சென்னைக்குப் போறப்ப உங்க பஸ்ஸு அதத் தாண்டித்தான் போவுது."

மேடம் மானிட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது தெரிந்தது.

எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக ஓகே அடித்தேன். 'அப்ரூவ்ட் பை' என்ற இடத்தில் இனிஷியலோடு என் பெயரை அடித்தேன். எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் ஒப்புதல் கொடுத்ததில்லை. காட்டிய இடத்தில் ரேகை வைத்துத்தான் பழக்கம்.

சோதனை ஆரம்பித்தது. புதிதாக எழுதிய முதல் கேஸிலேயே சிவப்பு வந்தது. கடை திறக்கவில்லை. நண்பன் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினான். "ஃபெயிலுடா மாப்ள, அழகா ஃபெயிலு." பரீட்சையில் தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். திருச்சியில் அதைச் சரி செய்தார்கள். எங்களுக்குப் பச்சை வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கடைகளில் ஏற்றினோம். அன்றைக்கு ஒன்றும் இல்லை. முதல் நாள் எந்த சாஃப்ட்வேரும் ஓடும். திங்கட்கிழமைதான் எங்களுக்குத் திருவிழா. மேடமும் நண்பனும் நானும் காலையிலேயே போய்விட்டோம். தேங்காய்க் கடை அக்கா தார்ப்பாயைத் தூக்கிக் கட்டிவிட்டு மெஷினைப் போட்டார். நான் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரையில் எழுத்து வந்தது: 'முந்தைய நாள்: வெள்ளி. கணக்கு முடிந்தது. கடை திறக்கலாம்.'

"வந்துருச்சுங்க்கா," என்றேன்.

அவர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வெள்ளிக்கெழமன்னுதான் போட்டிருக்கு. வேற என்ன போடும்? தள்ளி நில்லு தம்பி, யாவாரம் வருது."

மேடத்தால் அடக்க முடியவில்லை. சத்தமாகவே சிரித்துவிட்டார். அதற்குள் முதல் பில் கிழிந்து ஒருவர் கைக்குப் போயிருந்தது. பக்கத்துக் கடைகளிலும் மெஷின்கள் கிர்ரென்று பேப்பர் துப்பிக்கொண்டிருந்தன. எதிர் வரிசையிலிருந்து அம்மா, கூட்டத்தைத் தாண்டி, "சாப்ட்டியாடா?" என்று கத்தியது. நண்பன் முந்திக்கொண்டு, "இல்லங்கம்மா," என்று பதில் சொல்லிவிட்டு எலுமிச்சம்பழக் கூடையைப் பார்க்கப் போனான். "ரிவ்யூ பண்ணிட்டு வரேன் மாப்ள."

ஆபீஸுக்குத் திரும்பியதும் மேடம் டிராயரைத் திறந்தார். பேனா எழுதவில்லை, என்னுடையதைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பேப்பரை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். பின்னால் காற்றடிக்கிற மெஷின் சத்தம்.

"நிரந்தரமாச்சா?"

"ஆயிருச்சுப்பா."

மெஷின் சத்தம் நின்றது.

"வழியில ஒண்ணும் வெடிக்கலல்ல?"

"இல்லப்பா. கௌம்பறதுக்கு முன்னாடியே மாத்திட்டம்."

"அப்பறம் என்ன," என்றார். பக்கத்தில் யாரிடமோ, லாரிக்காரராக இருக்க வேண்டும், "எம் பையன். அவன் சரின்னு சொன்னாத்தான் அங்க வேலையே ஆரம்பிப்பாங்களாம்," என்று சொல்வது கேட்டது.