சலூன்காரர் மனைவி சிரிப்பதில்லை

சலூன்காரருக்கும் அவர் மனைவிக்கும் ஆகாது என்று தெரு முழுக்கப் பேச்சு. அவர் வாயைத் திறந்தால் சவரத்துக்கு உட்கார்ந்தவன் கன்னத்தைக் கிழித்துக்கொள்கிற அளவுக்குச் சிரிக்கிறான். அவள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்க்கிறாளாம். "அவ மனசே இங்க இல்ல" என்று மளிகைக்கடைக்காரி தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

பேச்சை உரசிப் பார்த்தால், கோளாறு மனசில் இல்லை. அதற்கு வெகு கீழே இருந்தது. கடைசிப் பிள்ளையை ஆயுதம் போட்டு எடுத்ததிலிருந்து, தும்மினாலும் சிரித்தாலும் அவளுக்கு உடுத்திய துணி நனைந்துவிடும். தும்மலையாவது மூக்கைப் பிடித்து நிறுத்தலாம். தாலி கட்டிய கோமாளியை எதைப் பிடித்து நிறுத்துவது? அவர் கதையை ஆரம்பித்ததுமே மூச்சைப் பிடித்து உடம்பைப் பூட்டிக்கொள்வாள். அந்த முகத்தை வெறுப்பு என்று ஊர் படித்தது. அவரும் அப்படித்தான் படித்தார். பாவம், இன்னும் நல்ல கதையாகத் தேடிப் பிடித்து வந்தார். கதை நன்றாக ஆக ஆக அவளுக்கு ஆபத்து கூடியது.

விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை அள்ளித் தூக்குவது அவள் வேலை. ஒருநாள் தூக்கும்போதே நனைந்துபோக, கூட வேலை பார்த்தவள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். திரைக்குப் பின்னால் பிசியோதெரபி அம்மா கையுறை மாட்டிச் சோதித்தாள்.

"எங்க, இறுக்குங்க பார்ப்போம்."

இறுக்கினாள்.

"மூச்ச எதுக்கும்மா அடைக்கறீங்க? அது எல்லாத்தையும் கீழ தள்ளும். தாங்குற தசைய இத்தன நாளா நீங்களே அமுக்கியிருக்கீங்க."

"அப்ப என்னதான் பண்றது?"

"மூச்ச விட்டுக்கிட்டே, ஒண்ணுக்கு அடக்கற மாதிரி உள்ள மேல இழுங்க. அப்புறம் முழுசாத் தளர விடுங்க. தெனமும் செய்யணும். பாரம் தூக்கக்கூடாது."

"பாரம் தூக்காட்டி சம்பளத்த யாரு தூக்கிட்டு வருவா, டாக்டரம்மா?"

அந்த அம்மா கையுறையைக் கழற்றினாள். "தசை பிரசவத்துலயே கிழிஞ்சிருக்கு. செஞ்சா கொஞ்சம் கொறையும். பழையபடி ஆயிடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

விடியலில் பாயில் படுத்து, முழங்காலை மடக்கி, இழுத்து விட்டாள். காலையில் ஏற்றியதைப் போர்வைகள் மத்தியானத்துக்குள் இறக்கிவைத்தன. மாதங்கள் போயின.

ஒரு மாலை, சலூன்காரர் சாப்பிட்டுக்கொண்டே தொடங்கினார். "இன்னிக்கு ஒரு வழுக்கைத்தலையன் வந்தான். கண்ணாடியப் பார்த்துட்டு, 'அண்ணே, நடு வகிடு எடுங்க'ன்னான். நானும் சீப்ப எடுத்துட்டு..."

"ஐயோ போதும், நிறுத்துங்க!"

தட்டில் அவர் கை நின்றது. "என்னை அவ்வளவு பிடிக்கலையா?"

அப்போதுதான் சொன்னாள். தரையைப் பார்த்தபடி, ஒன்றைத் தவிர எல்லாவற்றையும்.

"அடிப் பாவி! இத்தன வருஷமா நான் என்னென்னமோ நெனச்சு வெந்துட்டேனே. சொல்லியிருக்கலாமில்ல?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

"சரி. உனக்குக் குணமாகுற வரைக்கும் இந்த வீட்ல ஒரு கதையும் கிடையாது."

வாழ்க்கையில் அவர் காப்பாற்றிய முதல் வாக்கு அது. இப்போது வீட்டில் கரண்டிச் சத்தமும் குழாய்ச் சத்தமும்தான். அவர் முகத்தைத் தொங்கப்போட்டுச் சாப்பிடுகிறார். துணி காய்ந்திருந்தும் அவள் அழுகிறாள். பழையபடி ஆகாது என்று டாக்டரம்மா சொன்ன கடைசி வார்த்தையை மட்டும் அவரிடம் அவள் சொல்லவில்லை.

நேற்றும் கேட்டுப் பார்த்தாள். "அந்த வழுக்கைத்தலையன் என்னதாங்க ஆனான்?"

"நீ மொதல்ல குணமாகு. பாக்கிய அப்புறம் சொல்றேன்" என்று கை கழுவப் போய்விட்டார்.