கண்ணாடியில் ஒட்டிய சிவப்பு அம்பு

ஸ்ரீகண்டன் ஓட்டுகிற வேனில் பதினான்கு பேர் உட்காரலாம். காலை ஆறு மணிக்குப் பொம்மனஹள்ளியில் கிளம்பி, எட்டு மணிக்குள் வைட்ஃபீல்ட் அலுவலகங்களில் எல்லோரையும் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே பாதையில் திரும்ப வேண்டும். அவன் ஆயுசில் பாதி இரண்டாவது கியரிலேயே கழிந்துகொண்டிருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவன் சண்டை விமானம் ஓட்டினான்.

கம்ப்யூட்டரில்தான். உலகப் போர்க் காலத்து விமானங்களை மீட்டர் முள், விசை உட்பட அப்படியே காட்டும் விளையாட்டு அது. தினமும் வேனின் முன் சீட்டில் வரும் சிரில்தான் அதைப் பழக்கிவிட்டார். விமானத்தைத் திருப்ப உதவும் தன்னுடைய பழைய ஜாய்ஸ்டிக் கைப்பிடியையும் கொடுத்தார். எட்டுப் பேர் கொண்ட அவருடைய குழுவில் ஸ்ரீகண்டனுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து. அந்த விமானத்தைப் பறக்க விட்டால் மட்டும் போதாது, இன்ஜினையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முழு வேகத்தில் போனால் இன்ஜினுக்குள் ஓடும் தண்ணீர் சூடேறும். ஆறவைக்க, விமானத்தின் வயிற்றுக்கடியில் இருக்கும் ரேடியேட்டர் கதவைத் திறக்க வேண்டும். திறந்தே வைத்தால் காற்று பிடித்திழுத்து வேகம் குறையும். மறந்தால் இன்ஜின் எரியும். ஸ்ரீகண்டன் மூன்று வாரத்தில் மூன்று இன்ஜின் எரித்திருந்தான்.

வெள்ளிக்கிழமை இறங்கும்போது சிரில், எல்லோரையும் அழைப்பது போல 'குரு' போட்டு, தயங்கிச் சொன்னார். "ஸ்ரீ, பசங்க பேசிக்கறாங்க. இந்த சண்டேவும் இன்ஜின் போச்சுன்னா உன் எடத்துக்கு வேற ஆளப் போட்ருவாங்க. என் கையில இல்ல குரு."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, அக்கா சீதாலட்சுமி கவிழ்த்த பக்கெட்டின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். ஓசூர் ரோட்டில் உள்ள கார்மென்ட்ஸில் அவள் செக்கர். பதினான்கு வருஷமாக நின்றபடியே சட்டைகளைப் புரட்டிப் பார்க்கிற வேலை. தையல் பிசகிய இடத்தில் விரல்நகம் அளவுக்குச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். சாயங்காலத்தில் கணுக்கால் இரண்டும் வீங்கிவிடும்.

"சோறு போடவா?"

"வேணாங்க்கா."

அந்த 'வேணாம்' அவளுக்குப் பிடிக்கவில்லை. வாரம் முழுக்க வேலையைத் தவிர வேறு பேச்சில்லாத தம்பி, ஞாயிறு மத்தியானத்தில்தான் சிரித்துப் பேசுவான். அதுவும் போனால் என்ன ஆவான்?

சனிக்கிழமை சாயங்காலம் அவன் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் படித்தது எட்டாவது வரை. திரையில் இருந்த ஆங்கிலம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"இந்த முள்ளு இங்க வந்தப்பறம்தான்டா புகை வருது."

"அது தண்ணி சூடுக்கா. பாத்துட்டேதான் இருக்கேன்."

"எங்க பாக்கற? வேன் ஓட்டற மாதிரி ரோட்டப் பாக்கற. இங்க ஏது ரோடு?"

அவளுடைய வேலைக் கோட்டின் கையில் எப்போதும் இரண்டு மூன்று அம்புகள் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடும். அவற்றை எடுத்தாள். சரியான இடம் தெரியவேண்டும் என்பதற்காக, தம்பியை வேண்டுமென்றே நான்கு இன்ஜின்களை எரிக்கச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் வாய்க்குள் எண்ணினாள். பீஸ் எண்ணி எண்ணி வந்த பழக்கம். கதவை மூடி முழு வேகத்தில் போனால், முள் எல்லையைத் தொட நாற்பத்திரண்டு எண்ணிக்கை ஆனது. நான்கு தரமும் அதேதான். பிறகு மானிட்டர் கண்ணாடியில், முள் தாண்டக் கூடாத இடங்களில், தண்ணீர்ச் சூட்டுக்கு ஒன்று, எண்ணெய்ச் சூட்டுக்கு ஒன்று என்று அம்பு ஒட்டினாள். அதற்குப் பிறகு அவன் அரைமணி நேரம் எரிக்காமல் ஓட்டினான்.

"பாத்தியா, என் தம்பிக்கு வராதது எது?" என்றாள், யாரும் கேட்காமலே.

ஞாயிறு காலை முதல் சுற்று. பீன்ஸ் நறுக்கியபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் அம்பைத் தாண்டவே இல்லை. திடீரென்று திரை சிவந்தது. விமானம் சுழன்று விழுந்தது.

ஸ்பீக்கரில் சிரில் குரல் கேட்டது. "ஸ்ரீ, இன்ஜின் புதுசு மாதிரி இருக்கு. ரெக்கைதான் இல்ல! ஒருத்தன் ஒரு நிமிஷமா உன் பின்னாடியே வந்தான். ஸ்வல்பம் திரும்பிப் பாக்கக் கூடாதா?"

சீதாலட்சுமிக்கு விளங்கிவிட்டது. திரும்பிப் பார்க்கக் கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் திரையில் படம் நகரும், முட்கள் ஒதுங்கிவிடும். அம்புகளோ கண்ணாடியில் இருந்த இடத்திலேயே நிற்கும். அவை முட்களோடு பொருந்தி நிற்பதற்காகத் தம்பி அந்தப் பொத்தானைத் தொடாமலே உட்கார்ந்திருக்கிறான். பிசகு சட்டையில் இல்லை, அவள் ஒட்டிய அம்பில்.

"சொல்றதுக்கென்னடா?"

"நீ கால் வலியோட உக்காந்து ஒட்டுன..."

"இன்னொரு ரவுண்டுதான் பாக்கி. அதோட முடிவு பண்றாங்க" என்றார் சிரில்.

அவள் எழுந்து, நகத்தால் அம்புகளைச் சுரண்டி எடுத்தாள். "நீ பின்னாடி பாரு. நான் எண்ணறேன். முப்பத்தஞ்சுல தோளத் தட்டுவேன், கதவத் தொற. முள்ளு எறங்குனதும் மூடு."

இரண்டாம் சுற்றில் அவள் நின்றுகொண்டே எண்ணினாள். அவன் இடமும் வலமும் பின்னும் பார்த்தான். வால்பக்கம் வந்தவனை இரண்டு முறை உதறினான். அவள் தட்டினாள், அவன் திறந்தான், மூடினான், அவள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

"யாரு குரு அது, பஸ் கண்டக்டர் மாதிரி எண்ணிட்டே இருக்கறது?" என்றது ஸ்பீக்கரில் சிரில் குரல்.

"எங்கக்கா சார்."

"அவங்கள நிறுத்தச் சொல்லாத!"

அவன் யாரையும் வீழ்த்தவில்லை. கடைசி ஆளாக, ரெக்கையில் இரண்டு ஓட்டையோடு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வந்து இறங்கினான். கொஞ்ச நேரம் மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு சிரில் சொன்னார். "சரி ஸ்ரீ. நீ இருக்க. அடுத்த வாரமும் அக்காவ உக்கார வைப்பியா?"

ஸ்ரீகண்டன் திரும்பினான். அவள் அதற்குள் பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்கும் வாரத்தில் இந்த ஒரு நாள்தான் லீவு.

"இல்ல சார்" என்றான். "நானே எண்ணிக்கறேன்."

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மறுபடியும் விமானத்தைக் கிளப்பினான். மெல்லிய குரலில் எண்ண ஆரம்பித்தான். அவன் இருபதைத் தாண்டும்போது பாயிலிருந்து குரல் வந்தது.

"வேகமா எண்ணறடா."

அவன் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினான்.